வீட்டுக்கு வீடு வேறு வைஃபை

2024 மே 7 அன்று சோனோஸ் நிறுவனம் தன் வயர்லெஸ் ஸ்பீக்கர்களுக்கான கைபேசிச் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டது. தூங்கும் நேரத்தில் பாட்டை நிறுத்தும் டைமர் அதில் இல்லை. வரிசையில் நிற்கும் பாடல்களை முன்பின் மாற்ற வழியில்லை. வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த பாடல்களைத் தேட முடியவில்லை. திரைவாசிப்பானை நம்பியிருந்த பார்வையற்றவர்கள், நேற்றுவரை தாங்களே இயக்கிய ஸ்பீக்கரின் முன் கையற்று நின்றார்கள். ஜூலையில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சரிசெய்ய 2 முதல் 3 கோடி டாலர் வரை ஆகும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

இடையே அக்டோபரில் நிறுவனம் வெளியிட்ட வாக்குறுதிப் பட்டியலில் ஒரு வரி முக்கியமானது. பீட்டா சோதனையை இனி பலதரப்பட்ட வாடிக்கையாளர்களிடமும் பலவகையான வீட்டு அமைப்புகளிலும் விரிவாக நடத்துவோம் என்றது அந்த வரி. ஏறக்குறைய முடிந்துவிட்ட மென்பொருளை, ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன் விருப்பமுள்ள சில பயனர்களிடம் கொடுத்துப் பார்ப்பதே பீட்டா சோதனை. பெரிய நிறுவனம் கோடிகளை இழந்தபின் அழுத்திச் சொன்ன இந்தப் பாடத்தை, அதே ஸ்பீக்கர்களுக்கு இலவசமாகச் செருகுநிரல் எழுதும் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகவே கடைப்பிடித்துவருகிறார்கள்.

செருகுநிரலின் வேலை இதுதான். விளக்கு, மின்விசிறி, கதவுமணி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்க ஒரு தாய் மென்பொருள் இருக்கும். 2010இல் தொடங்கிய ஓப்பன்ஹாப், 2013இல் பாலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், ஆப்பிள் ஹோம்கிட்டுக்குப் பாலமாக 2014இல் வந்த ஹோம்பிரிட்ஜ் ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. மூன்றும் எழுதப்பட்ட கணினி மொழிகள்கூட வேறு வேறு: முறையே ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட். இவற்றுக்குச் சோனோஸின் பாஷையைச் சொல்லிக்கொடுப்பதே செருகுநிரல். ஹோம் அசிஸ்டன்ட் இதற்குப் பயன்படுத்தும் சோகோ என்ற பைத்தான் நூலகம், 2012இல் சிட்னியில் நடந்த மியூசிக் ஹேக் டே நிகழ்வில் பிறந்தது.

பேச்சு எப்படி நடக்கிறது? கூடத்தில் நின்று "யார் யார் இருக்கீங்க?" என்று குரல் கொடுப்பதைப்போல, செருகுநிரல் முதலில் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில் ஓர் அழைப்பு அனுப்பும். அதைக் கேட்ட ஸ்பீக்கர்கள் தங்கள் முகவரியோடு பதில் தரும். பிறகு "பாடு", "நிறுத்து", "சத்தத்தைக் குறை" போன்ற கட்டளைகள் ஒவ்வொரு ஸ்பீக்கரின் 1400ஆம் போர்ட்டுக்கும் போகும். பாட்டு மாறினால், யாராவது ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினால், ஸ்பீக்கரே திரும்பி வந்து சேதி சொல்லும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். 2024இல் புதிய செயலி தடுமாறியபோதும் இந்தப் பழைய உள்வழி அடைபடவில்லை. அதை நம்பியிருந்த செருகுநிரல்கள் தொடர்ந்து ஓடின.

சிக்கல் அந்த முதல் அழைப்பிலேயே ஆரம்பிக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் நேரடியாக நிறுவியவருக்கு எல்லா ஸ்பீக்கரும் தெரியும். அதே நிரலை டாக்கர் என்ற தனித்த மென்பொருள் பெட்டிக்குள் அதன் இயல்பான அமைப்பிலேயே வைத்தவருக்கு ஒன்றுகூடத் தெரியாது. பெட்டிக்குள் எழும் அழைப்பு வெளி நெட்வொர்க்குக்கு எட்டாது. விண்டோஸில் வீட்டு வைஃபை "பொது நெட்வொர்க்" என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் குறுக்கே நிற்கும். 2024 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் சீக்கோயா, உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட விரும்பும் நிரல்கள் பயனரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையே இணைக்காமல் அலமாரியில் இரவுபகலாக ஓடும் மேக் மினியில், அந்த அனுமதிக் கேள்விக்கு யார் "சரி" சொல்வது? எல்லா இயங்குதளத்திலும் ஓடும் என்று ஒரு செருகுநிரலுக்குப் பெயர் வாங்கித்தருவது, இந்த மாதிரி மூலைகளில் நடக்கும் சோதனைதான்.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக ஸ்பீக்கர், கேமரா, பல்பு எல்லாவற்றையும் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கட்டளை போய்ச் சேரும். ஸ்பீக்கர் திரும்பி வந்து சேதி சொல்லும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். அப்போது ஹோம் அசிஸ்டன்ட் தானே அவ்வப்போது போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு மாறிவிடும். பாட்டு ஓடும், திரையில் பெயர் தாமதமாக மாறும். பயனர் இதைக் கோளாறு என்றே உணர மாட்டார். பொறுமையுள்ள பீட்டா சோதனையாளர்தான் "ஏதோ மந்தமாக இருக்கிறதே" என்று எழுதுவார். அந்த ஒரு வரி நிரலாளரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

ஸ்பீக்கர்களின் உலகமும் ஒரே சீரானதல்ல. நான்கு அறைகளை ஒரு குழுவாக்கினால், அதில் ஒன்றுதான் தலைமை. மற்றவை அதன் பின்னால் பாடுபவை. "நிறுத்து" என்பதைப் பின்பாட்டுக்காரரிடம் சொன்னால் பிழைச்செய்திதான் வரும். பேட்டரியில் இயங்கும் ரோம் என்ற மாடல் தூங்கப்போனால் நெட்வொர்க்கிலிருந்தே மறைந்துவிடும். அது பழுதா, தூக்கமா என்று செருகுநிரல் பிரித்தறிய வேண்டும். 2020இல் எஸ்2 மென்பொருள் வந்தபின், பழைய மாடல்கள் எஸ்1இல் நின்றுவிட்டன. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு, ஒரே குழுவில் சேர்க்க மட்டும் முடியாது. சோகோ நூலகத்தில் ஸ்பீக்கர் இல்லாமலே ஓடும் தானியங்கிச் சோதனைகள் உள்ளன. உண்மையான ஸ்பீக்கரின் முகவரி கொடுத்தால்தான் ஓடும் சோதனைகளும் உள்ளன. எந்தத் தன்னார்வ நிரலாளரிடமும் எல்லா மாடல்களும் இருக்காது.

கதவுமணி அறிவிப்பு என்ற ஒரே ஒரு வசதியை எடுத்துக்கொண்டால் சோதனையின் ஆழம் விளங்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கிறது. செருகுநிரல் அப்போதைய நிலையை, அதாவது எந்தப் பாட்டு, எந்த நொடி, எவ்வளவு சத்தம், எந்தக் குழு என்பதைப் படம்பிடித்து வைக்க வேண்டும். "வாசலில் ஆள் வந்திருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பிவைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது இணைய வானொலி என்றால்? தொலைக்காட்சியின் ஒலி என்றால்? அறிவிப்பு முடிவதற்குள் இன்னொரு முறை மணி அடித்தால்? இரண்டாவது படம்பிடிப்பு முதல் அறிவிப்பையே "பழைய பாட்டு" என்று எண்ணிக்கொள்ளும். குழந்தைகள் மணியை விடாமல் அழுத்தும் வீட்டில் இந்தப் பிழை ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே பீட்டாவுக்கு விசித்திரமான வீடுகள்தான் அதிகம் தேவை. ஒழுங்கான ரவுட்டரும் ஒரே ஒரு புது ஸ்பீக்கரும் உள்ள வீடு நிரலாளரிடமே இருக்கும்.

சோதிப்பவருக்கும் சில பொறுப்புகள் உண்டு. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. இயங்குதளம், செருகுநிரலின் பதிப்பு, ஸ்பீக்கரின் மாடல், குழுவில் இருந்ததா, என்ன செய்தபோது என்ன நடந்தது, திரும்பச் செய்தால் திரும்ப நடக்கிறதா என்பவை வேண்டும். பதிவுக்கோப்பை அனுப்பும்முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. சோனோஸ் 2002இல் ரின்கான் ஆடியோ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். பதிவுக்கோப்பில் தெரியும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் அடையாளக் குறியும் இன்றும் அந்தப் பழைய பெயரோடு தொடங்கி, அந்தக் கருவியின் வன்பொருள் முகவரியைச் சுமந்துகொண்டிருக்கும். அதைப் பொதுவெளியில் போடும்முன் மறைத்துவிட வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள் அல்லர் என்பதும் நினைவில் இருக்கட்டும். நள்ளிரவில் முழுச் சத்தத்தில் ஒலிக்கும் அறிவிப்பு, நிரலாளருக்கு ஒரு பிழை. உறங்கும் குழந்தைக்கு அது பெரும் அதிர்ச்சி. படுக்கையறை ஸ்பீக்கரைச் சோதனையில் சேர்க்காதீர்கள். உச்ச ஒலியளவை முன்பே கட்டுப்படுத்திவையுங்கள். பழைய அமைப்பை முழுவதுமாக நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஹோம் அசிஸ்டன்ட் மாதந்தோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே பீட்டா வந்துவிடும். அந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடிந்தவர்கள் ஒதுக்கிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றாலும் சும்மா இருந்துவிடாமல், உங்கள் ரவுட்டர், இயங்குதளம், ஸ்பீக்கர் மாடல் மூன்றையும் குறித்து, "எங்கள் வீட்டில் ஓடுகிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.