பதிவொலியை நீட்டலும் குறுக்கலும்

சுருதியும் லயமும் இசைக்கு இன்றியமையாதன. பாடகர் ஒருவர் சுருதி பிசகாது ஒரே கீர்த்தனையை விளம்பகாலத்திலும் பாடுவர், மத்திமகாலத்திலும் பாடுவர். காலம் மாறுவதாற் சுருதி மாறுவதில்லை. பதிவு செய்யப்பட்ட ஒலியிலோ இவ்விரண்டும் பிணைந்து கிடக்கின்றன. ஒலிநாடாவை இருமடங்கு விரைவில் ஓட்டினாற் காலம் பாதியாகும், மீடிறன் இரட்டிக்கும், குரல் ஒரு தாயி உயர்ந்துவிடும். 60 வினாடிப் பாடலை 50 வினாடியில் முடியுமாறு விரைவாக ஓட்டினால், ஒரு கட்டையிற் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கும் சற்று மேலே பாடியவராகத் தோன்றுவர்.

இப்பிணைப்பை அவிழ்த்து, சுருதியைப் பேணிக் காலத்தை மட்டும் மாற்றும் வினையைக் காலநீட்டம் எனலாம். கணினியில் இசையமைப்போர், வெவ்வேறிடங்களிற் பதிவான ஒலித்துண்டுகளை ஒரே லயத்திற் பொருத்துவதற்கு இதனையே நாடுகின்றனர். இதற்கென மென்பொருள்கள் பல உள. அவற்றுள் எது சிறந்தது என வினவுவார் பலர். எவ்வகை ஒலிக்கு எது பொருந்தும் என்பதே முதற்கண் எழுப்பத்தக்க வினா.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்தில் ஆய்வு நடத்திய டெனிஸ் காபோர், ஒலியைச் சிறுசிறு மணிகளின் தொகுதியாகக் கருதலாம் என 1946ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெயர்பாங்ஸ் முதலியோர், சுழலும் காந்தத்தலை பொருத்திய நாடாக்கருவி கொண்டு பேச்சொலியின் காலத்தை மாற்றிக் காட்டினர். 1966இல் பெல் ஆய்வுகூடத்துப் பிளானகனும் கோல்டனும் ‘பேஸ் வொக்கோடர்’ என்னும் முறையை வெளியிட்டனர். இன்றைய மென்பொருள்களிற் பெரும்பாலானவை இவ்விரு வழிகளுள் ஒன்றையோ இரண்டின் கலப்பையோ தழுவியன.

முதலாவது வழி துண்டித்து இணைத்தல். ஒலியை ஒரு வினாடியின் நூற்றிற் சில பங்கு நீளமுள்ள துண்டுகளாக அரிந்து, நீட்டுதற்குச் சிலவற்றை மீண்டும் இட்டும், குறுக்குதற்குச் சிலவற்றை நீக்கியும், விளிம்புகள் ஒன்றன்மேலொன்று படியுமாறு பொருத்துவர். துண்டினுள் அலை மாறாமையாற் சுருதியும் மாறாது. தனிக்குரல், புல்லாங்குழல் போன்றவற்றில் அலைவடிவம் ஒழுங்காக மீள்வதால் இணைப்பு நன்கு பொருந்தும். பல கருவிகள் ஒருங்கே ஒலிக்குமிடத்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் இணைப்பு வாய்ப்பதில்லை, ஒலி நடுங்கும். அன்றியும், மீண்டும் இடப்பட்ட துண்டினுள் மத்தளத்தின் அடியொன்று அகப்படின், ஓரடி ஈரடியாகக் கேட்கும்.

இரண்டாவது வழி பகுத்து நீட்டல். ஒலியை அதனுள் அடங்கிய எளிய அலைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அலையையும் வேண்டிய காலம் வரை தொடரச்செய்து மீளக் கூட்டுவர். பல குரல் கலந்த இசைக்கும் நீண்டொலிக்கும் நாதத்துக்கும் இஃது ஏற்றது. ஆயின் அடியொலி என்பது எண்ணிறந்த அலைகள் ஒரே கணத்தில் எழுவதாலுண்டாவது. தனித்தனியே நீட்டும்போது அவ்வொருமை குலையும். கூரிய அடி மழுங்கிப் பரந்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டின் காரணத்தை நம் இலக்கணம் கற்றார் எளிதில் உணர்வர். அளபெடை உயிருக்குண்டு. நன்னூல் கூறும் ஒற்றளபெடையில் மெல்லினமும், இடையினத்துட் சிலவும், ஆய்தமும் இடம்பெறும். வல்லினம் ஆறும் இடம்பெறா. அடைத்த காற்று திடீரென வெடித்தெழுதலே வல்லினத்தின் இயல்பு. அவ்வெடிப்பை நீட்டினால் அது வல்லினமாகாது. மெதுவாகப் பேசுவோர் உயிரையும் இடைவெளியையும் நீட்டுவரேயன்றி ககர தகரங்களின் வெடிப்பை நீட்டுவதில்லை. மிருதங்கத்தின் அடி வல்லினம் போன்றது; அடியின்பின் நிற்கும் கார்வை உயிர் போன்றது. நல்ல மென்பொருள் அடியைத் தொடாது கார்வையை மட்டும் நீட்டும். நீளத்தக்கது எது, நீளத்தகாதது எது எனப் பிரித்தறியும் ஆற்றலே மென்பொருளை மதிப்பிடுதற்குரிய உரைகல்.

இனித் தெரிவு பற்றிக் கூறுவாம். ஏபிள்டன் லைவ் என்னும் மென்பொருள் தாளவொலிக்குப் ‘பீற்ஸ்’, தனிச்சுருதியுடைய ஒலிக்கு ‘ரோன்ஸ்’, முழுப்பாடலுக்குக் ‘கொம்பிளெக்ஸ்’ என வெவ்வேறு முறைகளை வகுத்துத் தருகின்றது. நாடாவைப்போலச் சுருதியையும் உடன் மாற்றும் ‘ரீ-பிச்’ முறையும் அதிலுண்டு. பேர்லின் நகரத்து நிறுவனமொன்றின் ‘எலாஸ்ரிக்’ பொறிமுறை ரீப்பர், கியூபேஸ் முதலியவற்றுள் அமைந்துள்ளது. பொருள் செலவிட இயலாதார்க்கு ஓடாசிற்றியும், மூலநிரல் திறந்து வழங்கப்படும் ரப்பர் பான்ட் நிரற்றொகுதியும் உள. சில வினாடி ஒலியைப் பல நிமிடம் நீட்டிப் புதியதொரு நாதத்தைப் படைக்க விழைவோர்க்குப் பால்ஸ்ரெச் ஏற்றது. லயம் பொருத்துதற்கு அஃது உதவாது.

தெரிந்தெடுக்கும் முறை எளிது. தாளம், தனிக்குரல், பல்லியம் ஆகிய மூவகைப் பதிவுகளைக் கொண்டு, நூற்றுக்கு ஐந்து, இருபது, ஐம்பது எனப் படிப்படியாக நீட்டிக் கேட்டல் வேண்டும். சிறு மாற்றத்தில் மென்பொருள்களிடையே வேறுபாடு அரிதிற் புலப்படும். பெருமாற்றத்திலேயே குணமும் குற்றமும் வெளிப்படும். நீட்டியதையே மீண்டும் நீட்டலாகாது. ஒவ்வொரு முறையும் மூலப்பதிவிலிருந்தே தொடங்குக. குற்றமும் சிலவேளை குணமாவதுண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ‘ஜங்கிள்’ இசைஞர், அக்காய் கருவிகள் ஒலியை நீட்டும்போதெழுந்த உலோகம் போன்ற கரகரப்பை விரும்பியே கையாண்டனர். அங்கும் அது செவி தேர்ந்த தெரிவேயாம்.

எத்துணைச் சிறந்த மென்பொருளுக்கும் ஓரெல்லை உண்டு. இராகமொன்றின் பதிவை இருமடங்கு நீட்டினாற் கமகத்தின் அசைவும் இருமடங்கு மந்தமாகும். வித்துவான் விளம்பகாலத்திற் பாடும்போது அசைவை அவ்வாறு மந்தமாக்குவதில்லை. பெற்ற இடத்தைப் புதிய அசைவுகளால் நிரப்புவர். ஆதலின் நீட்டிய பதிவு சுரங்களை எண்ணி அறிய மாணவர்க்கு உதவுமேயன்றி, விளம்பகாலப் பாடாந்தரமாகக் கொள்ளத்தக்கதன்று. பழைய வித்துவான்களின் பதிவுகளைக் காலம் மாற்றி வழங்குவோர், மாற்றிய அளவைக் குறித்தே வழங்குதல் வேண்டும். அக்குறிப்பின்றேல், அவர் பாடாத காலப்பிரமாணத்தையும் அவர் பாடியதாகவே வருங்காலத்தார் கொள்வர்.