பூச்சியைப் படம் பிடியுங்கள். பிறகு மருந்தை எடுங்கள்

"இலை சுருண்டு போச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டு வரும் விவசாயிகளே அதிகம். இலையை எந்தப் பூச்சி சுருட்டியது என்பதைப் பார்த்துவிட்டு வருவோர் குறைவு. இலை சுருள்வதற்குக் காரணம் ஒன்றல்ல. மிளகாயில் இலைப்பேனும் சுருட்டும், சிலந்தியும் சுருட்டும், நச்சுயிரியும் சுருட்டும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் மானாவாரி நிலத்தில் மகசூல் மழையை நம்பியே இருக்கிறது. அங்கே தேவையில்லாமல் அடிக்கும் ஒரு மருந்துச் செலவே அந்த ஆண்டின் லாபத்தைத் தின்றுவிடக் கூடும்.

இந்தச் செலவைத் தவிர்க்க ஒரு வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செல்போன் காமிராவோடு ஒரு சிறிய லென்ஸைச் சேர்த்தால் கடுகிலும் சிறிய பூச்சியைத் தெளிவாகப் படம் பிடிக்கலாம். முன்பு நீட்டுக்குழாய் மாட்டிய காமிராவும் 36 படச் சுருளும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் செய்த வேலையை இன்று வரப்பில் நின்றே செய்யலாம். இதைப் புகைப்படக் கலையில் 'மேக்ரோ' படம் என்பார்கள். பொருளின் நிஜ அளவுக்கே அதன் பிம்பம் காமிராவுக்குள் விழும்படி எடுப்பது என்பது அதன் பொருள்.

2018 தந்த பாடம்

அமெரிக்கன் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் பரவியது. தூத்துக்குடி மாவட்ட மக்காச்சோள விவசாயிகளும் பெரும் சேதம் கண்டனர். பார்த்த பலருக்கும் அது வழக்கமான தண்டுத் துளைப்பானாகவே தெரிந்தது.

இரண்டையும் பிரித்தறியும் அடையாளம் புழுவின் உடம்பிலேயே இருக்கிறது. படைப்புழுவின் தலையில் வெளிறிய நிறத்தில் தலைகீழான 'ஒய்' எழுத்துப் போன்ற கோடு இருக்கும். வால் பக்கம் கடைசிக்கு முந்திய பகுதிகளில் ஒன்றில் 4 கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். தண்டுத் துளைப்பானில் இவை இரா. மிகச் சிறிய புழுவில் இந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரியாது. சற்று வளர்ந்த பின் லென்ஸ் வைத்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் என்ன லாபம்? படைப்புழு குருத்துக்குள் தன் எச்சத்தையே மூடியாக வைத்துப் பதுங்கியிருக்கும். மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும். மேலாக அடித்தால் வீண். அதைவிட முன்னதாக, இலையில் ரோமம் போர்த்திய முட்டைக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் விரலால் நசுக்கினாலே போதும். அதற்கு மருந்துச் செலவே இல்லை.

என்னென்ன வேண்டும்?

1. காமிரா உள்ள செல்போன். விலை உயர்ந்தது தேவையில்லை.

2. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் மடக்குப் பூதக்கண்ணாடி, அல்லது செல்போனில் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸ். ஜவுளிக்காரர்கள் துணியில் நூல் எண்ணப் பயன்படுத்தும் மடக்குக் கண்ணாடியும் நல்லது. அதன் சட்டத்தை இலைமேல் வைத்தால் தூரம் தானே சரியாக அமைந்துவிடும். நுண்ணுயிர்களை முதன்முதல் கண்ட ஹாலந்து நாட்டு லீவன்ஹுக், 17ஆம் நூற்றாண்டில் துணி வியாபாரியாக இருந்தவர். நூலின் தரம் பார்க்கும் கண்ணாடியோடு பழகிய கையே பின்னர் நுண்ணோக்கி செய்தது.

3. ஒரு வெள்ளைத் தாள்.

4. ஒரு தீக்குச்சி. கோவில்பட்டி வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பூச்சியின் பக்கத்தில் குச்சியை வைத்து எடுத்தால் அளவு விளங்கும். குச்சியின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அளவு காட்டாத படத்தில் அசுவினியும் மாவுப்பூச்சியும் ஒரே பருமனாகத் தோன்றி, பார்ப்பவரைக் குழப்பும்.

லென்ஸைப் பிடிக்கும் முறை

பூதக்கண்ணாடியைப் பூச்சிக்கு மேலே தூக்கிப் பிடித்து, செல்போனை ஓரடி தள்ளி வைத்து எடுப்பது பலரும் செய்வது. அப்படி எடுத்தால் படம் தெளியாது. லென்ஸ் செல்போன் காமிராவோடு ஒட்டியிருக்க வேண்டும். செல்போனில் இரண்டு மூன்று காமிராக்கள் இருந்தால், திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக விரலால் மறைத்து, படம் எடுப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்து மடங்கு லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடைவெளி ஓர் அங்குலம் இருந்தால் சரி. இந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டரே. தலை தெளிந்தால் வால் மங்கும். ஆகவே பூச்சியின் முதுகு முழுவதும் லென்ஸுக்கு நேராக, சாய்வின்றி இருக்கும்படி செல்போனைத் திருப்புங்கள். திரையில் பூச்சியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே நிற்கும். பிறகு செல்போனை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, தெளிவு வரும் நொடியில் எடுங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல் 10 படம் எடுத்து, நல்லது இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

லென்ஸ் இல்லாதவர்கள் செல்போனை மிக நெருக்கிக் கொண்டுபோக வேண்டாம். ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது மேல். புழு, வண்டு, தத்துப்பூச்சி வரையில் இந்த முறையே போதும். இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் லென்ஸ் இல்லாமல் முடியாது. வெள்ளை ஈயும் இலைப்பேனும் சுமார் ஒரு மில்லிமீட்டர். மஞ்சள் சிலந்தி அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

காற்றும் வெயிலும்

நம் கரிசல் காட்டில் படம் கெடுவதற்கு முதல் காரணம் காற்று. காலை 9 மணிக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் காற்றும் அடங்கியிருக்கும். குளிர்ச்சியில் பூச்சிகளும் அதிகம் நகரா. காற்று வீசினால் செடியின் அருகில் ஒரு பருத்திமாரை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். இலையை இடக்கை விரல்களால் பிடித்து, அந்தக் கையையே செல்போனின் அடியில் முட்டுக் கொடுத்தால் இலையும் செல்போனும் சேர்ந்தே அசையும், படம் கலையாது. குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வதும் உதவும்.

உச்சி வெயில் இலையில் பட்டுப் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். குடையோ துண்டோ பிடித்து நிழல் தாருங்கள். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தாளைக் காட்டினால் அதில் பட்ட ஒளி பூச்சியின் நிழல் பக்கத்தில் விழும். செல்போன் விளக்கு இவ்வளவு நெருக்கத்தில் பயன்படாது; லென்ஸின் நிழலே பூச்சியை மறைத்துவிடும்.

கரிசல் மண்ணுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பின்னால் கறுத்த மண் தெரிந்தால் காமிரா இடம் இருட்டு என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி போன்ற வெளிறிய பூச்சிகள் அப்போது வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். பின்னால் ஒரு பச்சை இலை இருக்குமாறு எடுங்கள். அல்லது திரையில் ஒளியைக் குறைக்கும் குறியைக் கீழே இழுங்கள்.

லென்ஸில் படியும் கரிசல் தூசியைத் துண்டால் தேய்க்கக் கூடாது. முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கவும்.

ஒரு நோய்க்கு நான்கு படம்

பூச்சியை மட்டும் எடுத்தால் போதாது. கீழ்க்கண்ட 4 படங்களும் இருந்தால்தான் தூரத்தில் இருந்து பார்ப்பவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.

1. வயலின் தோற்றம்: சேதம் திட்டுத் திட்டாகவா, பரவலாகவா என்பது தெரியும்.
2. முழுச் செடி: அடி இலையா, நுனிக் குருத்தா என்பது தெரியும்.
3. சேதமான இலை அல்லது காயின் மேற்புறமும் அடிப்புறமும்.
4. தீக்குச்சியோடு பூச்சியின் நெருக்கப் படம்.

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடிகளைப் பாருங்கள். அவற்றில் எத்தனை செடியில் பூச்சி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை எண்ணிக்கையே முடிவு செய்யும்.

எந்தப் பயிரில் எதைப் பார்ப்பது?

பருத்தி: இலை சிவந்தால் உடனே மருந்து என்று போக வேண்டாம். இலையின் அடிப்புறத்தைப் படம் எடுங்கள். வெளிர்பச்சை நிறத்தில், பக்கவாட்டில் ஓடும் குஞ்சுகள் இருந்து, இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கியிருந்தால் தத்துப்பூச்சி. பூச்சி ஒன்றும் இல்லாமல், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சிவப்பாகவும், அடி இலைகளில் தொடங்கியிருந்தால் மக்னீசியச் சத்துக் குறைவு. இதற்கு மக்னீசியம் சல்பேட் கரைசல் தெளிப்பதே மருந்து. பூச்சிக்கொல்லிக்குச் செலவழிப்பது பயனற்றது.

மிளகாய்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு போல் வளைந்து, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. சிலந்திக்குச் சிலந்திக்கொல்லியே வேலை செய்யும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளை அடித்தால் சிலந்தி பெருகுவதும் உண்டு. பூவையும் விரித்துப் படம் எடுங்கள். 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயை அழித்த கரும்பேன் பூவுக்குள் கூட்டமாக இருக்கும். பூவை வெள்ளைத் தாளில் தட்டினால் கறுப்புக் கோடுகளாக ஓடும்.

உளுந்து, பாசி: இலையில் மஞ்சள் திட்டு கண்டால் அடிப்புறத்தில் வெள்ளை ஈயைத் தேடுங்கள். மஞ்சள் தேமல் நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அதுவே. பூவும் பிஞ்சும் நூலால் பின்னப்பட்டிருந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் புள்ளிக் காய்ப்புழுவைப் படம் எடுங்கள்.

நண்பனையும் அடையாளம் காணுங்கள்

நெருங்கிப் பார்ப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். பொறிவண்டின் புழு கறுத்து, முள்ளும் கால்களுமாகக் குட்டி முதலை போல் இருக்கும். பயிரைத் தின்னும் பூச்சி என்று எண்ணி அதை மருந்தடித்துக் கொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது அசுவினியைத் தின்று பயிரைக் காப்பது. மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. அவற்றையும் அழிக்கக் கூடாது.

அசுவினிக் கூட்டத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சில அசுவினிகள் உப்பி, பழுப்பாகி, காகிதம் போல் உலர்ந்திருக்கும். முதுகில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவி அதற்குள் வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள். துளையில்லாத பழுப்பு அசுவினிக்குள் அடுத்த குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். இத்தகைய அசுவினிகள் நிறைய இருந்தால் மருந்தைத் தள்ளிப்போட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

இச்சிறு குளவிகளின் வலிமையைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தியையும் தாக்கியது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. மருந்தால் ஆகாததைக் கண்ணுக்கு எளிதில் தெரியாத குளவி செய்தது.

படத்தை யாரிடம் காட்டுவது?

வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகிய இடங்களில் காட்டி ஆலோசனை பெறலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கூடவே பயிர், ரகம், விதைத்த தேதி, கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றையும் எழுதுங்கள்.

2024 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பின் செயலியிலும் படம் காட்டி விடை பெறலாம். கணினி தரும் விடை படத்தின் தெளிவைப் பொறுத்தது. மங்கிய படத்துக்குத் தவறான விடை வரலாம். ஆகவே மருந்து வாங்கும் முன் வேளாண் அலுவலரிடம் உறுதி செய்துகொள்வது நலம்.

எடுத்த படங்களைத் தேதியோடு செல்போனில் சேர்த்து வையுங்கள். இரண்டு பருவம் கடந்தால், உங்கள் காட்டில் எந்தப் பூச்சி எந்த மாதம் தலைகாட்டுகிறது என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.

இந்தப் பருவத்தில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கிப் பாருங்கள். வாரம் ஒருமுறை காலையில் காட்டுக்குப் போகும்போது ஐந்து செடியின் இலையைத் திருப்பிப் படம் எடுங்கள். மருந்துக் கடைக்குப் போனால் அந்தப் படத்தோடு போங்கள். இலை சுருண்டது என்று மட்டும் சொன்னால் கிடைப்பது கடையில் இருக்கும் மருந்து. பூச்சியைக் காட்டிக் கேட்டால் பயிருக்குத் தேவையான மருந்து கிடைக்கும்; சில சமயம், மருந்தே வேண்டாம் என்ற நல்ல பதிலும் கிடைக்கும்.