மூன்று கழகங்களும் ஒரு மைதானமும்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை, எட்டு மீனவ ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் அறிதல் அரிது. ஆயினும் மாலை வேளையில் பந்து உருளும் திடல்களைக் கண்டால் அறிந்துகொள்ளலாம். பனியனின் நிறம் மாறினால் ஊர் மாறிவிட்டது என்று பொருள். இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடிய மைக்கேல் சூசைராஜ், இவற்றுள் ஒன்றாகிய இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவரே. கடலோரத்துப் பையன்களுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று.

இத்தகைய கடலோரப் பங்கொன்றில் பணிபுரியும் நம்மைக் காணச் சென்ற கோடையில் இருவர் வந்தனர். நகரத்துப் பெரிய கழகம் ஒன்றின் நிர்வாகிகள் அவர்கள். நம் பங்கில் மூன்று கழகங்கள் உள்ளன: வடக்குத் தெருவுக்கு ஒன்று, தெற்குத் தெருவுக்கு ஒன்று, குருசடி அருகே ஒன்று. “மூன்றையும் கலைத்து எங்கள் பெயரில் ஒன்றாக்கிவிடுங்கள், பாதர். உரிமம் பெற்ற பயிற்சியாளரைத் தருகிறோம். பூட்ஸ், பனியன், போக்குவரத்து எல்லாம் எங்கள் பொறுப்பு” என்றனர். காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. நமக்கோ இரண்டு இரவு உறக்கம் வரவில்லை.

அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. நம் கழகங்களில் முறையாகப் பயின்ற பயிற்சியாளர் எவருமில்லை. மூத்த அண்ணன்மார் கற்றுத் தருவதே பயிற்சி. அவர்களும் ஆழ்கடலுக்குச் சென்றால் திரும்பி வரப் பல வாரங்கள் ஆகும். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் என ஓர் அணி சேர்க்க எந்தத் தெருவிலும் ஆள் போதாது. ஆகவே பத்து வயதுச் சிறுவன் பதினாறு வயது இளைஞனோடு மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொள்கிறான். பெண் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். தெருவுக்கு மூன்று பேர், நான்கு பேர். கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதே அவர்களது ஆட்டம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் விதி ஒன்று உண்டு. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறொரு நாட்டுக் கழகத்துக்குத் தொகை பேசி மாற்றப்பட்டால், அத்தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, 12 வயது முதல் 23 வயது வரை அவரை உருவாக்கிய கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும். நல்ல விதி. ஆனால் முறையாகப் பதிவு பெறாத தெருக் கழகம் எந்த ஏட்டைக் காட்டி அதைக் கேட்கும்? பெரிய கழகத்தில் கரைந்துவிட்டாலோ, கேட்கும் உரிமை அப்பெரிய பெயருக்கே போய்ச் சேரும்.

இவற்றையெல்லாம் எண்ணுகையில் இணைப்பே நலம் என்று தோன்றும். நமக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே தோன்றியது. அதன் விளைவையும் கண்டோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வேளை. திருவிழாவையொட்டி நடந்த இறுதியாட்டத்தில் இரு கழகத்தாரும் கைகலந்தனர். இரண்டையும் கலைத்து ஒன்றாக்கினால் சண்டை ஒழியும் என்று கருதிய நாம், ஞாயிறு பூசை முடிவில் அதனை அறிவித்தோம். எவரையும் கலந்து பேசவில்லை. முதலாண்டு நன்றாகவே சென்றது. ஒரு கோப்பையும் கிடைத்தது. பின்னர் தலைவர் யார், வங்கிக் கணக்குப் புத்தகம் எவர் வீட்டில் இருப்பது, கடலில் மாண்ட ஒருவரின் பெயரால் ஒரு கழகம் நடத்திவந்த நினைவுக் கோப்பையை இனி யார் நடத்துவது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. அந்தக் கோப்பை நின்றுபோயிற்று. அம்மனிதரின் தாயார் மேசைக் கோயிலுக்கு வந்து நம் முன் நின்றார்; ஒன்றும் பேசவில்லை. அதற்கு என்ன மறுமொழி கூறுவதென்று இன்றுவரை நமக்குத் தெரியவில்லை.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றை நாம் கவனிக்கத் தவறினோம். இரு கழகங்கள் இருந்தபோது ஒரு மாலையில் இருபத்திரண்டு பேர் அணியில் ஆடினர். ஒன்றான பின் பதினொருவர் ஆடினர். எஞ்சியோர் சில வாரம் ஓரத்தில் அமர்ந்திருந்தனர், பிறகு வரவேயில்லை. அவர்களுள் சிலரை அந்தி வேளையில் தூண்டில் வளைவின் கற்களில், வேறுவிதக் கூட்டத்தோடு கண்டோம். கெட்டிக்காரப் பையனுக்குப் பெரிய கழகத்தால் நன்மை உண்டு. அவன் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான். இடக்காலும் வலக்காலும் ஒன்றுக்கொன்று பேசாத பையனுக்குத்தான் தெருக் கழகம் தேவைப்படுகிறது. (நாமும் அவ்வினத்தவரே. குருமடத்தில் நம்மைக் கோல் காக்க நிறுத்தியது உயரம் கருதி மட்டுமே.)

பெரியது சிறியதை விழுங்கும் கதை நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஏழை ஐரிஷ் கத்தோலிக்க இளைஞருக்காக 1875இல் எட்வர்டு ஹன்னன் என்னும் குருவானவரின் முயற்சியால் ஹைபர்னியன் கழகம் தோன்றியது. அதனைப் பார்த்து, கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டு, வால்பிரிட் என்னும் மரிய சபைச் சகோதரர் 1887இல் செல்ட்டிக் கழகத்தைத் தொடங்கினார். நோக்கம் தூயது. ஆனால் அடுத்த ஆண்டே ஹைபர்னியனின் சிறந்த ஆட்டக்காரர் பலர் செல்ட்டிக் பக்கம் சென்றுவிட்டனர். 1891இல் ஹைபர்னியன் ஆட்டத்தை நிறுத்தும் நிலைக்கு வந்தது. பின்னரே மீண்டும் எழுந்தது. இரண்டும் கோயில் நிழலில் பிறந்த கழகங்கள் என்பதை நினைக்க நமக்கு வருத்தமே.

பணபலத்தோடு செய்த இணைப்புகளும் எளிதில் நிலைப்பதில்லை. 1970இல் இரு கழகங்கள் சேர்ந்து உருவான பாரிஸ் செயிண்ட் ஜெர்மைன் 1972இலேயே பிரிந்தது. நம் நாட்டில் 1889இல் தோன்றிய மோகன் பகான், 2020இல் ஏ.டி.கே. கழகத்தோடு இணைந்து அப்பெயரை முன்னொட்டாகச் சுமந்தது. ரசிகர்கள் விடவில்லை, 2023இல் அந்த முன்னொட்டு நீங்கிற்று.

அப்படியாயின் மூன்றும் மூன்றாகவே இருந்து, பத்து வயதுப் பிள்ளையின் முழங்கால் பெயர்ந்துகொண்டே இருக்கட்டுமா? அதுவும் சரியன்று. ஜெர்மனி நாட்டில் சிற்றூர்க் கழகங்கள் கையாளும் வழி நமக்குப் பிடித்தது. ஒரு வயதுப் பிரிவுக்கு ஆள் போதாத கழகங்கள், வட்டாரச் சங்கத்தின் ஒப்புதலோடு அப்பிரிவுக்கு மட்டும் கூட்டணி அமைத்து ஆடுகின்றன. கழகங்கள் கலைவதில்லை, பெயர், கணக்கு, கொடி எல்லாம் அவரவரிடமே இருக்கும். ஆள் பெருகினால் பிரிந்து தனித்தனியே ஆடுவர்.

இதனை நம் பங்கின் மூன்று கழகத்தாரிடமும் எடுத்துரைத்தோம். இம்முறை பீடத்திலிருந்து அறிவிக்கவில்லை. படிப்பகத்துப் பாயில் அமர்ந்து, மூன்று மாலைகள் பேசினோம். தெற்குத் தெருவின் மூத்தவர் ஒருவர், “பாதர், நம்ம பிள்ளைகளை நாமே ஏன் ஊருக்குக் கொடுக்கணும்?” என்று கேட்டார். வடக்குத் தெருவாரோ, பதிவேட்டில் எந்தக் கழகத்தின் பெயர் முதலில் வரும் என்பதிலேயே ஒரு மாலையைக் கழித்தனர். இறுதியில் அகர வரிசை என்று முடிவாயிற்று. பதின்மூன்று, பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கூட்டு அணி. பெரியவர்களுக்கு மூன்று கழகங்களும் உள்ளபடியே. எந்தப் பிள்ளை எந்தத் தெருக் கழகத்திலிருந்து வந்தது என்பது ஏட்டில் எழுதப்படும். கூட்டு அணியில் இடம் பெறாத பிள்ளைக்கு அவன் தெருவில் இடம் உண்டு. இதுவே நாம் விடாப்பிடியாக நின்ற ஒரே நிபந்தனை.

நகரத்துக் கழகத்தாருக்கு இவ்வேற்பாட்டில் முழு மனநிறைவு இல்லை. பூட்ஸும் வாகனமும் தர இயலாது என்றனர். ஆயினும் சனிக்கிழமைதோறும் பயிற்சியாளரை அனுப்ப இசைந்தனர். அவரும் தவறாமல் வருகிறார். பெண் பிள்ளைகள் பதினான்கு பேர் சேர்ந்துள்ளனர். கூட்டு அணியின் பனியன் எந்த நிறம் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. முதல் ஆட்டத்தில் பிள்ளைகள் மூன்று நிறங்களில் வந்து நிற்க, நடுவர் ஆடவிட மறுத்தார். பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டைகளைக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தபோது அவை வெள்ளையாக இல்லை. பாடகர் குழுவினர் நம்மோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.