கயிறு அறுந்த வாக்கியங்கள்

மண்டி வீதியில் லாரிகளின் சத்தம் ஓய்ந்து, குன்னூரிலிருந்து இறங்கி வந்த மலைரயில் நிலையத்துக்குள் புகுந்து, எதிரே நீலகிரி மலை கறுக்கத் தொடங்கியிருந்த ஒரு மாலை வேளையில், வங்கி கிளார்க் பரீட்சைக்கென்று ஒரு வருஷமாகப் பிரயாசைப்பட்டுக்கொண்டிருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு மாதிரி வினாத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் என் மாப்பிள்ளை கணக்கெழுதுகிறார். நான் பெருந்துறைப் பக்கத்துக்காரன், இங்கிலீஷ் உபாத்தியாயனாயிருந்து ஓய்வு பெற்றவன், மகள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன். "அப்புச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. கணக்கெல்லாம் எப்படியோ வந்துருதுங்க. இது ஒண்ணுதான் என்னையக் கவுத்திப் போடுது" என்றாள்.

அவளைக் கவிழ்த்த விஷயம், இந்நாளில் 'பாரா ஜம்பிள்' என்று பரீட்சைக்காரர்கள் எல்லாரும் சொல்லுகிற, முறை பிறழ்ந்த வாக்கியங்களை ஒழுங்காக அடுக்கிப் பத்தியாக்கும் கேள்வி. ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் பி, க்யூ, ஆர், எஸ் என்று ஒரு முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுவார்கள். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், அவற்றுக்கு 20 நிமிஷம், தப்புக்குக் கால் மார்க் பிடித்தம். 2021-க்குப் பிறகு அந்தத் தேர்வின் மற்றப் பகுதிகளைத் தமிழிலேயே எழுதலாம் என்று ஆகிவிட்டபடியால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் யுக்தியும் சற்று இலகுவாயின. ஆங்கிலப் பகுதியோ ஆங்கிலமாகவேதான் இருந்து தீரவேண்டும். அதிலும் ஒரே தொகுதி வாக்கியங்களைக் கொடுத்து, அடுக்கியபின் மூன்றாவது எது, கடைசி எது என்று தனித்தனியே நாலைந்து கேள்வி கேட்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வாக்கியம் இடம் மாறினால் மார்க்குகள் கொத்தாகப் போய்விடும்.

இது வங்கிக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று. பட்டாளத்து உத்தியோகத்துக்கான சி.டி.எஸ். பரீட்சையிலும், மத்திய அரசுக் காரியாலயங்களுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பரீட்சையிலும், முதல் வாக்கியத்தையும் ஆறாவது வாக்கியத்தையும் அசையாமல் நிறுத்தி, நடுவே நான்கைக் கலைத்துப்போடும் சம்பிரதாயம் நெடுங்காலமாக உண்டு. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் துணைப்பாடக் கதையின் சம்பவங்களை இவ்வாறே வரிசைப்படுத்திப் பழகியவர்கள்தாம். ஆனால் அங்கே கதை முன்பே தெரியும், நினைவு இருந்தால் போதும். ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான கேட் பரீட்சையில் 2015 முதல் விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், வரிசையை நாமே எண்ணாகத் தட்டச்சு செய்யும்படி வைத்துவிட்டார்கள். தப்புக்குப் பிடித்தம் இல்லை என்ற ஒரு தயையை மட்டும் காட்டினார்கள். நான்கு வாக்கியங்களை 24 விதமாக அடுக்கலாம்; ஐந்தாயின் 120; ஆறாயின் 720. விடைப்பட்டியல் இல்லாத இடத்தில் ஊகத்துக்கு மதிப்பு எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மறுநாள் அவளோடு கூட, ஊட்டி ரோட்டுக்கு அருகே ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம் நடத்திய இளைஞர் சுறுசுறுப்பானவர், பிள்ளைகளிடம் பிரியமானவர். "ஓப்பனிங் சென்டென்ஸ மொதல்ல புடிங்க. அதுல 'ஹி', 'ஷி', 'திஸ்' எதுவும் வராது. அப்பறம் மேண்டேட்டரி பேர், அதாவது பிரிக்கவே முடியாத ஜோடி, ஒண்ணு கெடைச்சுதுன்னா போதும், ஆப்ஷன்ல மூணு அடிபட்டுரும்" என்று அவர் சொல்ல, நாற்பது பேனாக்களும் குனிந்து எழுதின. உபாயங்கள் பொய்யல்ல, அவசரத்துக்கு உதவுபவைதாம். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில், கேள்வியாக வந்த பத்தி எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாயிருந்தது. பூட்டைத் திறக்கும் சாமர்த்தியம் முழுவதையும் கற்றுக்கொண்டு அறைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிற அந்தப் பழக்கம், என் அபிப்பிராயத்தில், மார்க்குக்கும் கெடுதல். ஏனெனில் உபாயம் தெரிந்த மாணவனைச் சறுக்க வைப்பதற்கென்றே 'திஸ்' என்று தொடங்கும் முதல் வாக்கியத்தைக் கேள்வி தயாரிப்பவர் தேடிப் பிடித்து வைக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில், காலையில் மண்டியில் ஏதோ ரகளையாமே என்று நான் கேட்டேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்: "அதுங்களா அப்புச்சி? காலையில ஒரு லாரி வந்துச்சுங்க. அந்த லாரிக்காரரு தார்ப்பாய் சரியா கட்டாம உட்டுட்டாரு. அதனால அடி மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சுங்க. நனைஞ்ச கெழங்க யாரு ஏலம் எடுப்பாங்க? அப்பறம் அப்பாதான் சமாதானம் பண்ணி, பாதி விலைக்குப் பேசி முடிச்சாரு." நான் அப்படியே தெருவில் நின்றுவிட்டேன். ஐந்து வாக்கியங்கள், ஒன்றையாவது இடம் பெயர்க்க முடியாது. "ஒரு லாரி" என்று புதிதாய் அறிமுகம் செய்தவள், அடுத்த மூச்சிலேயே "அந்த லாரிக்காரரு" என்று பழகினவனைப்போல் அவனைக் கூப்பிட்டாள். காரணத்தைச் சொல்லி 'அதனால' என்று காரியத்தைக் கட்டினாள். "நனைஞ்சு போச்சு" என்று முடித்த இடத்திலிருந்தே "நனைஞ்ச கெழங்க" என்று எடுத்தாள். இந்தக் கலையில் தேர்ச்சி இல்லை என்று அழுதவள் இவள்தான்!

ஆங்கிலத்தில் 'ஏ' என்றும் 'தி' என்றும் இரண்டு சிறு சொற்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்றுகொண்டிருக்கின்றனவே, அவற்றுக்கு நேர் சமமானவை தமிழில் இல்லையென்று இலக்கணம் சொல்லிக் கொடுக்கும்போது நாமே சொல்லி வைத்ததனால், நம் பிள்ளைகள் அவற்றைத் தூசாக நினைத்துக் கண்ணால் தாண்டிப் போய்விடுகிறார்கள். கலைந்த வாக்கியங்களை அடுக்குகிறவனுக்கோ அவற்றைவிட நம்பகமான சாட்சி வேறு இல்லை: 'ஏ' வந்த வாக்கியம் முன்னே, அதே பொருளுக்கு 'தி' வந்த வாக்கியம் பின்னே. பாட்டிமார் கதையில் ஒரு ஊரிலே ஒரு ராஜா இருப்பதும், அந்த ராஜாவுக்கு ஏழு பெண்கள் பிறப்பதும் இதே முறைப்படிதான் நடந்து வந்திருக்கின்றன. தமிழுக்கு மற்றொரு சௌகரியமும் உண்டு. வந்து, பார்த்து, விலை பேசி, வாங்கிப் போனான் என்று வினையெச்சங்களை வரிசையாகக் கோத்து ஒரு பத்தியின் காரியத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். அதைக் கலைக்க எவனாலும் ஆகாது. என்னைப்போல் மூச்சு முட்டும்வரை வாக்கியத்தை நீட்டுகிற கிழவர்கள் எழுதியதை எந்த வங்கியும் பரீட்சைக்கு எடுக்காததன் காரணம் இதுவாகவே இருக்கலாம். ஆங்கிலம் முற்றுப்புள்ளி வைத்து வைத்து நடக்கிற பாஷை. ஆகையால் புள்ளிக்குப் புள்ளி பாலம் போடும் வேலையை அந்தச் சிறு சொற்கள் செய்யவேண்டியிருக்கிறது.

நம் முன்னோர்களுக்கு இந்தக் கஷ்டம் ஏடு ரூபத்தில் வந்தது. பனையோலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்த சுவடியில் கயிறு அறுந்து, ஓரத்தில் எழுதிய ஏட்டெண்ணையும் செல் அரித்துவிட்டால், எந்த ஓலைக்குப் பின் எந்த ஓலை என்பதைப் பொருளையும் யாப்பையும் கொண்டே தீர்மானிக்கவேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய டாக்டர் உ.வே. சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் வருஷக்கணக்காக ஏடு புரட்டிச் செய்த உழைப்பில் இந்த வரிசை காணும் வேலைக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு 20 நிமிஷக் கெடுவும் இல்லை, சரிபார்க்க விடைத்தாளும் இல்லை. இந்த ஆபத்துக்கு இடமே தராத ஒரு செய்யுள் வகை நம்மிடம் உண்டு, அதுதான் அந்தாதி. ஒரு பாட்டின் இறுதியில் நின்ற சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் முதலில் வந்து நிற்க, காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமாய் நிற்கின்றன; ஓலைகளைக் காற்றில் பறக்கவிட்டாலும் சொல்லைத் தொட்டுத் தொட்டு மீண்டும் கோத்துவிடலாம். நல்ல ஆங்கிலப் பத்தியிலும் மறைவாக ஓடுவது ஓர் அந்தாதிதான். சொல் அப்படியே திரும்பாது, பொருள் திரும்பும். ஒரு வாக்கியத்தின் முடிவில் புதிதாய் வந்தது, அடுத்ததன் தொடக்கத்தில் தெரிந்ததாய் நிற்கும். இதை நான் அவளுக்குச் சொன்னபோது, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க" என்று கோபித்துக்கொண்டாள்.

அந்த உற்சாகத்தில் நானே அவளுக்கென்று ஒரு கேள்வி தயாரித்தேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் பெயர்த்துத் தருகிறேன். பி: 'ஆகையால் மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது.' க்யூ: 'ஆனால் அந்தப் பாதை உதகைக்கு எட்டியது 1908-இல்தான்.' ஆர்: 'மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இல் ஒரு மலைரயில் பாதை திறக்கப்பட்டது.' எஸ்: 'பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்தப் பாதையில் ஒரு பெட்டி கழன்றாலும் அது பின்னோக்கி உருண்டுவிடும்.' என் விடை, ஆர், க்யூ, எஸ், பி. அவள் கொடுத்தது, ஆர், எஸ், பி, க்யூ. தப்பு என்றேன். "ஏனுங்க தப்பு? பாதை போட்டாங்க, ஏத்தம் கடுசு, அதனால பின்னால இருந்து தள்ளுது, ஆனா ஊட்டிக்குப் போனது 1908-லதான். இதுவும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். மறுபடி வாசித்தேன். 'ஆனால்' என்பது தான் மறுக்கும் செய்திக்குப் பக்கத்தில் நிற்பதே அழகு என்று வாதாடிப் பார்த்தேன். அழகு வேறு, கட்டாயம் வேறு என்பது எனக்கே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் வினாத்தாள் தயாரித்த ஒருவன், இரண்டு விடை உள்ள ஒரு கேள்வியைப் பேத்தியிடம் நீட்டியிருந்தான். அச்சில் வருகிற மாதிரித் தாள்களிலும் இந்த ஜாதிக் கேள்விகள் குறைவில்லை என்பதைப் பிறகு ஒரு கட்டுத் தாள்களைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அங்கே தோற்கிற பிள்ளை, தோற்றது தன் அறிவென்றே நினைத்துக்கொள்ளுகிறது.

இப்படியும் அடுக்கலாம், அப்படியும் அடுக்கலாம் என்ற நிலைக்கு நம் இலக்கணத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். செய்யுளின் சொற்களையும் அடிகளையும் எந்த வரிசையில் கொண்டு பொருள் காண்பது என்பதற்குப் பொருள்கோள் என்று பெயர். தொல்காப்பியம் நான்கு வகை சொல்ல, 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அதை எட்டாக்கினார். அவர் பிறந்தது எங்கள் பெருந்துறைக்கு அடுத்த சீனாபுரம் என்பது கொங்குநாட்டார் வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் பெருமை; அயலூரார் மறுத்துப் பேசினால் நாங்கள் காது கொடுப்பதில்லை. அந்த எட்டில், வளைக்குள் போன பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டு வெளிவருவதுபோல் இறுதி முதலுக்கு மீளும் அளைமறிபாப்பு உண்டு. முதலும் கடைசியும் நாண் பூட்டிய வில்போல் இணையும் விற்பூட்டு உண்டு. எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாத அடிமறிமாற்று உண்டு. என் கேள்வி அந்தக் கடைசி இனத்தைச் சேர்ந்தது. பரீட்சைக்காரர்கள் வேண்டுவதோ எட்டில் முதலாவதான ஆற்றுநீர், வரிசை பிறழாமல் நேரே ஒழுகும் ஓட்டம். ஆனால் மேட்டுப்பாளையத்துப் பக்கமாய் ஓடுகிற பவானியே நேராக வந்ததன்று. நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், முக்காலி அருகே திசை மாறித் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து, அதன்பின் கிழக்கே போய்க் காவிரியில் கலக்கிறது. மலை தடுத்ததால் திரும்பிற்று. நல்ல எழுத்தாளனின் பத்தியும் சில சமயம் அப்படித்தான் வளைந்து வரும். மாணவன் அந்த வளைவுக்குக் காரணமான மலையைப் பார்க்கவேண்டும், ஓப்பனிங் சென்டென்ஸ் விதி அதைக் காட்டாது.

இரவு சாப்பாட்டுக்குப் பின் கேள்வியைத் திருத்தினேன். க்யூ-வை மட்டும் மாற்றி, 'ஒன்பது ஆண்டுகள் கழித்து அது உதகைவரை நீட்டப்பட்டது' என்று எழுதினேன். வருஷத்தை எடுத்துவிட்டதால் அந்த ஒன்பதை எதிலிருந்து எண்ணுவது என்பதற்கு 1899 பக்கத்தில் வேண்டியதாயிற்று. 'அந்தப் பாதை' என்பதை 'அது' என்று சுருக்கிவிட்டதால் அந்தச் சொல் தனக்கு மிக அருகிலிருக்கும் பொருளைப் போய்ப் பற்றிக்கொண்டது. அவள் பழைய வரிசைப்படியே ஒரு தரம் வாசித்தாள். எஞ்சின் தள்ளுகிற வாக்கியத்தை முடித்து அடுத்ததற்கு வந்தவுடன் சிரித்துவிட்டாள். "எஞ்சினைப் புடிச்சு ஊட்டி வரைக்கும் நீட்டுனாங்களா அப்புச்சி?" பேனாவை எடுத்து ஆர், க்யூ, எஸ், பி என்று எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ மும்முரமாய் எழுதி, என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மண்டிச் சமாசாரம், ஐந்து வாக்கியங்கள், நன்றாகக் கலைத்திருந்தாள். 120 வழி. மேலாக இருந்த வாக்கியம் 'அந்தக் கணக்குப்பிள்ளை' என்று தொடங்கியது; மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்ற நான்கிலும் ஒரு கணக்குப்பிள்ளையைத் தேடத் தொடங்கினேன்.