கரண்ட் போனதால் பிழைத்த நகல்

2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினித் திரைகள் வரிசையாகக் கறுத்துப்போயின. உலகக் கப்பல் சரக்குத் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்த டென்மார்க் நிறுவனம் அது. உக்ரைனில் கணக்கு வழக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட்டில் ஒளிந்து வந்த நாட்பெட்யா என்ற நிரல், சில மணி நேரத்தில் அதன் பிணையம் முழுவதையும் மேய்ந்துவிட்டது.

பெரும்பாலான சர்வர்களுக்கு பேக்கப் இருந்தது. ஒன்றுக்குத்தான் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், எதைத் திறக்கலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் ‘டொமைன் கன்ட்ரோலர்’ அது. அது இல்லாமல் மற்றவற்றை மீட்டும் பயனில்லை. அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. உலகெங்கும் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன என்பது கணக்கு. அத்தனையும் ஒரே நாளில் அழியும் என்று அந்தக் கணக்கில் இல்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன்பு மின்சாரம் போய், அங்கிருந்த சர்வர் அணைந்து கிடந்தது. மின்வெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வாழ்க்கையில் எத்தனை முறை வாய்க்கும்? பல நூறு ஜிகாபைட்டை அனுப்ப அங்கிருந்த இணைய வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியா வரை பறந்து, அங்கே விமான நிலையத்தில் சக ஊழியரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நூற்றைம்பது நகல்களால் ஆகாததை அணைந்து கிடந்த ஒன்று செய்தது ஏன்? அவை நகல்கள் அல்ல, பிம்பங்கள். கண்ணாடி முன் நின்று மீசையை மழித்தால் பிம்பத்துக்கும் மீசை போய்விடும். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு முறையும், கிளவுடோடு ஃபோல்டரை ஒத்திசைத்து வைப்பதும் இந்த வகைதான். டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே ஃபைலை அழித்தால், அந்த அழிப்பையும் விசுவாசமாக நகலெடுக்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் கவனித்தால் உண்டு.

எனவே எந்தக் கருவி வாங்கலாம் என்று தொடங்குவதைவிட, எந்த ஆபத்துக்கு எந்த நகல் என்று யோசிப்பது மேல். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, அதே வளாகத்திலேயே பேக்கப் வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. 2011இல் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் மறைந்தன. பல மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கூகுள் அவற்றை மீட்டது காந்த நாடாவிலிருந்து! பழைய கேசட்டின் உறவுக்காரனான அது இன்னும் சாகவில்லை. எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். அலமாரியில் கிடக்கும் நாடாவை எந்த வைரஸும் எட்டாது.

காலமும் கணக்கில் உண்டு. இன்று கெட்ட ஃபைலை அடுத்த மாதம்தான் கவனிப்போம். அப்போது நேற்றைய நகலும் கெட்டிருக்கும். தினமும் முழு நகல் எடுத்தால் இடம் போதாது. முழு நகல் ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதை இன்கிரிமென்டல் பேக்கப் என்பார்கள். சிக்கனமானது; ஆனால் சங்கிலியில் நடுவே ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிந்தைய மாற்றங்கள் சந்தேகம்தான்.

வீட்டுக்கு என் பரிந்துரை சாதாரணமானது: கணினியில் இருப்பது போக, வாரம் ஒருமுறை செருகி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க், பழைய பதிப்புகளையும் சேமிக்கும் கிளவுட் பேக்கப் ஒன்று. மூன்று நகல், இருவகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய 3-2-1 விதியும் இதைத்தான் கேட்கிறது.

எடுத்த பேக்கப் திரும்பி வருமா என்பது தனிக் கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறி அழிப்புக் கட்டளை கொடுத்துவிட்டார். சுதாரிப்பதற்குள் 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் திறந்தால் அங்கே ஒன்றுமே இல்லை. பேக்கப் கருவியின் பதிப்பும் தரவுதளத்தின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

வீட்டில் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். பேக்கப்பிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றையும் போன வாரக் கோப்பு ஒன்றையும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பூட்டிய பேக்கப்பென்றால், அதன் பாஸ்வேர்டு பழைய கணினிக்குள் மட்டுமே இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.