காசோலையில் நம் எழுத்து

ஓலை என்னும் சொல் முதலில் மரத்தின் ஓலையைக் குறித்தது. பின்னர் அதில் எழுதப்பட்ட செய்தியையும் ஆணையையும் குறிக்கலாயிற்று. பணங் கொடுக்குமாறு ஒருவர் தம் வங்கிக்கு விடுக்கும் ஆணையைக் காசோலை என்று வழங்குதல் ஆதலால் மிகப் பொருத்தமுடையது. பனையேடு போய்க் காகிதம் வந்த பின்னும் ஓலை நம்மை விட்டு நீங்கவில்லை. ஆயின், அவ்வோலையிலே தமிழ் எழுதத்தான் நம்மிற் பலர் கூசுகின்றோம். யானும் அவ்வாறு கூசியவனே.

சில ஆண்டுகளின் முன், பழைய மாணவர் சங்கமொன்றின் பொருளாளனாக இருந்தேன். நடைமுறைக் கணக்குத் தொடங்கிக் காசோலைப் புத்தகம் வேண்டி விண்ணப்பித்தோம். தனியாளின் கணக்காயின் அவர் கையொப்பம் ஒன்றே போதும்; சங்கமோ வணிக நிறுவனமோ ஆயின், ஒப்பமிடுவோர் யாவர், எத்தனைபேர் என்பதை முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

புத்தகம் அச்சாகி வந்தது. ஒவ்வோர் இதழின் அடியிலும் ஓர் இலக்க வரி: காசோலை எண், வங்கிக்குரிய நான்கிலக்கக் குறி, கிளைக்குரிய மூன்றிலக்கக் குறி, கணக்கு எண் என்பன அதில் உள்ளன. காந்தமையால் அச்சிட்ட அவ்வரியைப் பொறி படிக்கின்றது. அதன்மேல் ஒப்பமோ முத்திரையோ படலாகாது. 2006ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வங்கிக்கு வங்கி தாள் செல்வதில்லை. அதன் படிமமே செல்கின்றது. மட்டக்களப்பில் இட்ட காசோலை கொழும்புக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்த காலம் கழிந்தது.

இத்தனை நுட்பமாக அச்சிட்ட இதழிலும் சில இடங்கள் நமக்காக வெறுமையாய் விடப்பட்டுள்ளன. அங்கேதான் யான் பிழை செய்தேன். படுவான்கரைத் தாயொருவருக்கு, அவர் மகளின் படிப்புச் செலவுக்காக ஒரு காசோலையை ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் பெயரிலுள்ள ழகரத்தை யான் ஒருவாறு எழுத, அவர் கொண்டுசென்ற சேமிப்புப் புத்தகத்தில் அது வேறொருவாறு இருந்தது. தோணியில் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த அவர் வெறுங்கையோடு என்னிடம் வந்தார்.

"என்ட பேரு பிழையா, ஐயா?" என்று கேட்டார்.

பெயர் பிழையன்று, பிழை என் கூச்சத்தினது. வேறோர் இதழில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். அவருடைய தேசிய அடையாள அட்டையிலும் பெயர் தமிழிலேயே இருந்தது. காசாளர் இரண்டையும் ஒப்புநோக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின்படி, தொகை எழுத்தில் ஒன்றாகவும் இலக்கத்தில் வேறாகவும் இருப்பின் எழுத்திலுள்ளதே கொள்ளத்தக்கது. நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பியனுப்பி விடுவதும் உண்டு. எவ்வாறாயினும், எழுத்துக்குச் சட்டம் தந்த மதிப்பு அது. அவ்வெழுத்தை நாம் பிழையின்றி எழுத அறிவோமா? ஐந்நூறு, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பவற்றில் தடுமாறும் பட்டதாரிகளை யான் அறிவேன்.

தடுமாற்றத்தினும் கொடியது கவனமின்மை. வரியின் நடுவே 'நூறு' என்று எழுதி முன்னே வெளிவிட்டால், வஞ்சகன் 'எழு' என்று சேர்த்து எழுநூறு ஆக்குவான். இலக்கத்திலுள்ள 1ஐ 7 ஆக்க ஒரு கீற்றுப் போதும். வரியின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்கி, 'மட்டும்' என்று முடித்து, எஞ்சிய இடத்திற் கோடிடுதலே காப்பு.

எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்தார். அதனைக் கற்பிக்கும் நாளில், இப்பொழுது யான் கரும்பலகையிற் பெரியதொரு காசோலை வரைகின்றேன். மாணவர் ஒவ்வொருவராக எழுந்துவந்து தொகையைத் தமிழில் எழுதுகின்றனர். அன்று வகுப்பில் எவரும் உறங்குவதில்லை.