56 எங்கே போனது?

டயல்-அப் காலத்தில், மோடம் வந்த அட்டைப்பெட்டியில் 56கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கனெக்ட் ஆனதும் திரையில் 44,000 என்று வரும். மழை நாளில் 31,200 ஆக இறங்கிவிடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட்டவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். ஏமாற்று எதுவும் இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், காரணத்தைச் சொல்கிறேன். டயல்-அப்பில் வேகம் கூட்டும் வழியும் அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கிறது.

டெலிபோன் லைன் பேச்சுக்காகப் போடப்பட்டது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போய்ச் சேர்ந்தால் பேச்சு புரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் அந்த ஒலியை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதும். ஆக, ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64,000 பிட். அதற்குமேல் இடமே கிடையாது. அந்த எட்டில் ஏழு பிட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் 56,000. 1998இல் வந்த வி.90 மோடத்தின் உச்சம் அதுதான். நம் பக்கமிருந்து அனுப்பும்போது, குரல் எண்ணாக மாறும் இடத்திலேயே கொஞ்சம் சிதையும். அதனால் அனுப்பும் வேகம் 33,600ஐத் தாண்டாது. ஆபீசில் பழைய இபிஏபிஎக்ஸ் (ஆபீசின் உள் எக்ஸ்சேஞ்ச்) வழியாக டயல் செய்தால் இந்த மாற்றம் இன்னொரு தடவை நடக்கும், இறங்கும் வேகமும் 33,600க்குள் அடங்கிவிடும். நேர் லைன் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

உச்சவரம்பை நாம் உயர்த்த முடியாது. அதற்கும் நமக்கும் நடுவில் தொலைந்துபோவதை மீட்கலாம். அது தொலைவது பெரும்பாலும் கம்பியில்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். 'உம்ம்' என்ற இரைச்சல் இருந்தால், டெலிபோன் வயர் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கரகரவென்று கேட்டால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. சுவரிலுள்ள ரோசெட் பெட்டியைத் திறந்தால் பச்சை பூத்த திருகாணி கண்ணில் படும். வயர் முனையை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கினாலே சில ஆயிரம் பிட் திரும்பக் கிடைக்கும். மாடிக்கும் சமையலறைக்கும் இழுத்த பேரலல் போன்களைக் கழற்றிவிட்டு, முதல் பெட்டியிலேயே மோடத்தைச் செருக வேண்டும். மழை பெய்தால் மட்டும் கரகரப்பு வந்தால் கோளாறு வெளியே, தெருவிலுள்ள டெலிபோன் பில்லரிலோ தரையடி கேபிளின் ஜாயிண்டிலோ. அது லைன்மேன் வேலை. "நெட் ஸ்லோ" என்று சொல்வதைவிட "லைனில் நாய்ஸ்" என்று புகார் எழுதினால் ஆள் சீக்கிரம் வருவார்.

இரைச்சல் போகவே இல்லையென்றால், மோடத்தை வேண்டுமென்றே 33,600க்குக் கட்டிப்போடுவது நல்லது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே வேகமாகப் பேசுகிறவர் சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். நிறுத்திப் பேசுகிறவர் ஒரே முறையில் முடித்துவிடுவார். திரையில் எண் குறைவாகத் தெரியும், ஆனால் பக்கம் சீக்கிரம் திறக்கும். இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

சில கம்ப்யூட்டர்களில் கனெக்ட் ஆனதும் 115,200 என்று வரும். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள வேகம், லைனின் வேகம் அல்ல. ஆனாலும் அதைக் குறைக்கக் கூடாது. மோடம் எழுத்துகளைச் சுருக்கி வாங்கி இந்தப் பக்கம் விரித்துக் கொடுப்பதால் அந்த இடம் தேவைப்படும். படத்தையும் எம்பி3 பாட்டையும் அப்படிச் சுருக்க முடியாது, அவை ஏற்கெனவே சுருங்கி வந்தவை.

44,000 பிட் என்பது நொடிக்கு ஐந்தரை கிலோபைட். ஒரு எம்பி படத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் பிரவுசரில் படங்களை நிறுத்தி வைப்பதைவிடப் பெரிய லாபம் வேறு எதிலும் இல்லை.

2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோதும் புதுக் கம்பி இழுக்கவில்லை. அதே செம்பு ஜோடியில், பேச்சுக்கு மேலே சும்மா கிடந்த அதிர்வெண்களில் 256 கிலோபிட் வந்தது. அதுவும் கெட்ட ஜாயிண்டில் தடுமாறும். டயல்-அப்புக்காக ரோசெட் வயரைச் சீவிச் சரிசெய்து வைத்திருந்த வீடுகளில் அந்த வேலை மிச்சம்.